பெஞ்சில் ஒரு பிழை

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது இங்கிலாந்தில் ஒரு பூங்காவில் என் அம்மாவைத் தொலைத்துவிட்டேன். வழக்கமாக அம்மாக்கள்தான் பிள்ளைகளைத் தொலைப்பார்கள். எங்கள் வீட்டில் அது மாறி நடந்தது. முக்கால் மணி நேரத்துக்குள் கிடைத்துவிட்டாள். ஆனாலும் இப்போது மதுரையில் என் மகளைக் காளவாசல் பக்கத்துப் பூங்காவுக்குக் கூட்டிப்போகும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்த பிடியை நான் விடுவதில்லை. "கைய விட்டாத்தான புள்ள ஊஞ்சல் ஆட முடியும்" என்பார் என் கணவர். விடுவேன். ஐந்து நொடியில் மறுபடி பிடித்துக்கொள்வேன். விட்டது தப்பா, பிடித்தது தப்பா என்று வீட்டுக்கு வந்தும் யோசித்துக்கொண்டிருப்பேன்.

அந்த வருஷம் எங்கள் வீட்டுக்கு ஒரு பாப்பா வரப்போகிறது என்று சொல்லி என்னை வாடிப்பட்டியில் பெரியப்பா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பதினைந்து நாள் கழித்துத் திரும்பி வந்தபோது அம்மா இருந்தாள், பாப்பா இல்லை. "பாப்பா வரலையா?" என்று கேட்டேன். "இப்ப வரல" என்றார் அப்பா. பஸ் வரவில்லை என்பதைச் சொல்வது போலச் சொன்னார். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

நடந்தது என்னவென்று எனக்கு என் மகள் பிறந்த பிறகுதான் தெரியும். ஆஸ்பத்திரி அறையில், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அம்மா தானாகவே சொன்னாள். காலையில் பிறந்த தம்பி அன்று சாயங்காலமே இறந்துவிட்டான். அப்பாவும் பெரியப்பாவும் துணியில் சுற்றி எடுத்துப் போனார்கள். பெண்கள் அங்கெல்லாம் போவதில்லை; அம்மா கட்டிலிலேயே இருந்தாள். எந்த இடத்தில் வைத்தீர்கள் என்று ஒரே ஒரு தடவை கேட்டாளாம். "அதெல்லாம் கேக்காத" என்றாராம் அப்பா. பேர் வைக்கும் நாளுக்கு முன்பே போன பிள்ளை என்பதால் அவனுக்குப் பேர் இல்லை. படம் இல்லை. வருஷம் திரும்பினால் செய்வதற்கும் ஒன்றும் இல்லை. அப்பாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளுக்கு நல்லது என்று நினைத்துத்தான் எல்லோரும் எதையும் பேசாமல் இருந்தார்கள்.

எட்டு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா பேச்சைக் குறைத்துவிட்டாள் என்பது மட்டும்தான். சமைப்பாள், எனக்குச் சடை பின்னுவாள், பிறகு ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொள்வாள். உட்கார்ந்தால் யாராவது வந்து எழுப்பும்வரை அதே இடத்தில் இருப்பாள்.

அம்மாவின் தம்பி, என் மாமா, இங்கிலாந்தின் வடக்கே ஒரு பழைய மில் ஊரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தார். போனில் அக்காவின் குரலைக் கேட்டுக் கேட்டுப் பார்த்தவர், கோடை விடுமுறைக்கு எங்கள் இருவரையும் ஒரு மாதம் அங்கே வரவழைத்துவிட்டார். மூன்றாம் வகுப்பில் நான் முதல் ராங்க் எடுத்ததற்கான பரிசு அது என்று நம்பினேன். வகுப்பில் எல்லோரிடமும் அப்படியே சொல்லியும் வைத்தேன். அப்பாவுக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. விமான நிலையத்தில் என் உயரத்துக்குக் குனிந்து, "அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நீதான் பாத்துக்கணும், என்ன?" என்றார். எனக்கு யாராவது ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டால் அதைச் சரியாகச் செய்கிறேனா என்று பத்துத் தடவை பார்ப்பேன். இன்றும் அப்படித்தான்.

முதல் இரண்டு வாரம் ஜன்னல் மட்டும்தான் மாறியது. மதுரையில் அம்மா உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கு வெளியே தண்ணீர் லாரி போகும். இங்கே மழை பெய்தது. மாமாவின் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவர் வேலைக்குப் போய்விட்ட ஒரு சனிக்கிழமை, வெயில் வந்தது.

"அக்கா, கெளம்பு. ஒரு எடத்துக்குப் போறோம்" என்றார் மாமா.

"நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்கடா."

"நீ வராட்டி நாங்களும் போகல. மருமகளே, ஒங்க அம்மாவக் கெளப்பு. நீ சொன்னாத்தான் கேக்குறா."

அது உண்மை இல்லை. ஆனால் அம்மா எழுந்தாள். சேலைக்கு மேல் மாமாவின் நீளமான கோட்டையும், காலுறைக்கு மேல் மதுரையிலிருந்து போட்டு வந்த தோல் செருப்பையும் மாட்டிக்கொண்டாள்.

அந்தப் பூங்காவின் வாசலைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் இரும்புக் கதவுகள். அவற்றின் ஒவ்வொரு கம்பி முனையிலும் தங்க நிறம். இருபுறமும் கல் தூண்கள். இவ்வளவு பெரிய வாசலுக்கு உள்ளே ராஜா இருக்க வேண்டும், இல்லை சாமி இருக்க வேண்டும் என்றுதான் எனக்குப் பட்டது. டிக்கெட் எங்கே கொடுக்கிறார்கள் என்று தேடினேன். அப்படி ஒன்று இல்லை. ஒரு பாட்டி தன் நாயோடு உள்ளே போனார், அவ்வளவுதான்.

உள்ளே போனதும் நாங்கள் மூவரும் நின்றுவிட்டோம். மாமாகூட, பலமுறை வந்தவர், நின்றார். தரை முழுக்கப் பச்சை. புல்லை வெட்டியிருந்த விதத்தில் ஒரு பட்டை வெளிறியும் ஒரு பட்டை கருத்தும், யாரோ இஸ்திரி போட்டு விரித்தது போல் கிடந்தது. மரங்கள் ஒவ்வொன்றின் அடியிலும் எங்கள் பள்ளிக்கூடத்துக் காலைக் கூட்டத்தை நடத்தலாம். சிவப்புப் பூக்கள் வரிசை பிசகாமல், ஒரே உயரத்தில், வகுப்புத் தலைவன் சொன்ன பேச்சைக் கேட்டது போல நின்றன. தூரத்தில் ஒரு குளம். வெள்ளை உடுத்திய தாத்தாக்கள் நாலைந்து பேர் ஓர் உருண்டையைப் புல்லில் மெதுவாக உருட்டிவிட்டு, அது எங்கே போய் நிற்கிறது என்று வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புல்லில் நடக்கக் கூடாது என்ற பலகையை நான் தேடினேன். நான் பார்த்த பூங்காக்களில் புல்லைவிட அந்தப் பலகைகள்தான் அதிகம். இங்கே மனிதர்கள் புல்லில் படுத்துக்கொண்டு புத்தகம் படித்தார்கள்.

வாசலுக்கு எதிரே ஒரு மனிதரின் சிலை. தலையில் புறா.

"யாருடா இது?" என்றாள் அம்மா. அன்றைய முதல் கேள்வி.

"இந்த ஊரு மில்லு மொதலாளி. தன் மில்லுல வேலை பாக்குறவங்க புகையிலேயே கெடக்குறாங்க, ஞாயித்துக்கெழமையாச்சும் நல்ல காத்து வாங்கட்டும்னு இம்புட்டு எடத்தையும் ஊருக்கு எழுதிக் குடுத்துட்டாரு. நூத்தம்பது வருசம் இருக்கும்."

"வேலை பாக்குறவங்களுக்கா?"

"ஆமா."

"அவங்க வீட்டுப் பொம்பளைங்களும் வரலாமா?"

"யாரு வேணா வரலாம்."

"யாரும் வெரட்ட மாட்டாங்களா?"

"நம்மளையே விட்ருக்கான், பாரேன்" என்றார் மாமா.

நடுவில் ஒரு மண்டபம் இருந்தது. எட்டுப் பட்டை, கல் படிகள், மெல்லிய இரும்புத் தூண்கள், உச்சியில் கலசம் போல ஒன்று. படியருகே போனதும் அம்மா செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து ஒழுங்காக ஓரமாக வைத்துவிட்டு ஏறினாள்.

"அக்கா, இது பேண்டு வாசிக்கிற எடம். சாமியெல்லாம் கெடையாது."

"இருக்கட்டும்டா. கல்லுல படி கட்டி, மேல கலசம் வச்சு, இம்புட்டுச் சுத்தமா வச்சிருக்கான். செருப்போட ஏற மனசு வரல."

காலுறையோடு அவள் மண்டபத்தை மெல்ல ஒரு சுற்றுச் சுற்றினாள். உருண்டை உருட்டிய தாத்தாக்கள் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. நான் மட்டும் ஷூவைக் கழற்றாமல் நின்றேன்.

அதற்கடுத்து ஒரு கண்ணாடி மாளிகை. வீடு மாதிரி இல்லை, மாளிகைதான். உள்ளே போனதும் வெக்கை முகத்தில் அடித்தது. சித்திரை மாதத்து மதுரையை யாரோ பிடித்து உள்ளே அடைத்து வைத்தது போல. நடுவில், வேலி கட்டி, பெயர்ப் பலகை வைத்து, ஒரு வாழை மரம். வெள்ளைக்காரப் பிள்ளைகள் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அந்தப் பலகையையும் வாழையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நம்ம வீட்டுக் கொல்லையில குப்பையோட கெடக்குறத இங்க கண்ணாடிக்குள்ள வச்சு ஆளு போட்டுக் காக்குறானே" என்று சொல்லிச் சிரித்தாள். சத்தமாக இல்லை. ஆனால் மாமா சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவு நேரம் பார்க்க அந்தப் பக்கம் என்னதான் இருக்கிறது என்று நினைத்தேன்.

வெளியே வந்து ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். அதன் முதுகில் ஒரு பித்தளைத் தகடு பதித்திருந்தது. கிடைத்த எழுத்தையெல்லாம் உரக்கப் படிக்கும் பிள்ளை நான், அதையும் படித்தேன். இன்ன பெயர் கொண்ட பெண்மணியின் அன்பான நினைவாக, அவருக்கு இந்த இடம் பிடிக்கும், என்று எழுதியிருந்தது. கீழே இரண்டு தேதிகள்.

அம்மா பாதி எழுந்துவிட்டாள். "செத்தவங்க பேரா?"

"உக்காருக்கா, ஒண்ணும் இல்ல. குடும்பத்துக்காரங்க ஞாபகத்துக்காகப் பெஞ்சு வாங்கிப் போடுவாங்க. நம்மூர்க் கோயில்ல டியூப் லைட்டு மேல உபயம்னு பேர எழுதி வெளிச்சத்தையே மறைப்பாங்கல்ல, அது மாதிரி. இங்க எல்லாப் பெஞ்சுலயும் இருக்கும்."

"இந்த நம்பரு?"

"மொதல்ல இருக்குறது பொறந்த தேதி. ரெண்டாவது போன தேதி."

அம்மா விரலால் தகட்டைத் தொட்டு, உதட்டை அசைத்துக் கணக்குப் போட்டாள். "எழுவத்தி ஒம்போது" என்றாள். இங்கிலீஷ் எழுத்துகள் அவளுக்குச் சரியாக வராது. எண்கள் நன்றாக வரும். "நல்ல வயசுதான்" என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரத்தில் மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே விட்டு வந்த காரை அந்த இடத்தில் அதற்கு மேல் நிறுத்தக் கூடாதாம். "மாத்தி நிறுத்திட்டு வெரசா வாரேன். மருமகளே, அம்மாவப் பாத்துக்க. கைய விட்றாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போது அந்த அணில் வந்தது. நம் அணிலைப் போல இரண்டு பங்கு பெரிது, சாம்பல் நிறம், முதுகில் கோடு இல்லை. ராமர் தடவிக் கொடுத்ததால்தான் அணிலுக்கு மூன்று கோடு என்று எனக்குத் தெரியும். அப்படியானால் இது ராமர் பார்க்காத அணில். இல்லை, கோடு அடியில் எங்காவது இருக்கிறதா? அதை உறுதி செய்துகொள்ள வேண்டியது அவசியம் என்று பட்டது. அம்மாவை ஓரிடத்தில் விட்டால் அங்கேயே இருப்பாள். அந்த வருஷம் முழுக்க அப்படித்தான் இருந்தாள். நான் கையை விட்டேன். நாலைந்து மரம் தள்ளிப் போயிருப்பேன்.

திரும்பி வந்தபோது பெஞ்சில் யாரும் இல்லை.

வேறு பெஞ்சுக்கு வந்துவிட்டேன் என்று முதலில் நினைத்தேன். தகட்டைப் படித்தேன். அதே பெண்மணி, அவருக்கு இந்த இடம் பிடிக்கும். அடுத்த பெஞ்சுக்கு ஓடினேன். மண்டபத்துக்கு ஓடினேன், படியில் செருப்பு இல்லை. வாழை மரத்துக்கு ஓடினேன். அதுவரை அழகாக இருந்த பெரிய மரங்களெல்லாம், எந்தப் பக்கம் திரும்பினாலும், அம்மாவை மறைத்துக்கொண்டு நின்றன.

பச்சைச் சட்டை போட்ட ஒரு பூங்காக் காவலாளி அம்மாள், இடுப்பில் பெரிய சாவிக்கொத்தோடு, வந்து என் முன்னால் குனிந்தார். தொலைந்துவிட்டாயா என்று கேட்டார். நான் இல்லை, என் அம்மாதான் தொலைந்துவிட்டாள் என்று இங்கிலீஷில் சொன்னேன். உன் அம்மா எப்படி இருப்பார் என்றார். அந்தக் கேள்விக்கு எனக்குத் தயாராகப் பதில் இருந்தது. பள்ளியில் கட்டுரையே எழுதியிருக்கிறேன். கையைக் கட்டிக்கொண்டு ஒப்பித்தேன். என் தாய் ஓர் இல்லத்தரசி. அவர் அதிகாலையில் எழுகிறார். அவர் எங்களுக்குச் சுவையான உணவு சமைக்கிறார். அவர் எனக்கு நீதிக் கதைகள் சொல்கிறார். அந்த அம்மாள் பொறுமையாக முழுவதும் கேட்டுவிட்டு, என்ன உடை உடுத்தியிருந்தார் என்றார். கட்டுரையில் அது இல்லை. அங்கேதான் எனக்கு அழுகை வந்தது.

சேலை, அரக்கு நிறம், மேலே ஆம்பளைக் கோட்டு என்று எப்படியோ சொல்லி முடித்தேன். எட்டு மணிக்கு வாசலைப் பூட்ட வேண்டும், அதற்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டு அவர் ஒரு பக்கம் போனார். அப்போது மணி ஏழு. வெயில் மதியம் போல அடித்துக்கொண்டிருந்தது. ஏழு மணிக்கு வெயில் அடிக்கும் ஊரில் எதுவும் நடக்கலாம் என்று பயமாக இருந்தது.

மாமா வந்தார். "அம்மா எங்க?"

"காணோம்."

என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. பெஞ்சுகளையோ மண்டபத்தையோ பார்க்கவில்லை. நேராகக் குளத்துக்கு ஓடினார். நானும் பின்னாலேயே ஓடினேன். குளத்தின் கரையோரமாகவே நடந்து தண்ணீருக்குள் உற்று உற்றுப் பார்த்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. அம்மாவுக்குத் தண்ணீர் என்றாலே ஆகாது. வைகையில் கணுக்கால் அளவு ஓடும்போதுகூட இறங்க மாட்டாள். இருக்கவே முடியாத இடத்தில் தேடி நேரத்தை வீணாக்குகிறாரே என்று நினைத்தேன். மாமா ஏன் மற்ற எந்த இடத்தையும் விட்டுவிட்டு முதலில் அங்கே ஓடினார் என்பது இப்போது எனக்குத் தெரியும்.

கரையின் மறுமுனையிலிருந்து காவலாளி அம்மாள் வந்தார். அவர் கையில் அம்மாவின் செருப்பு. இரண்டும்.

இவை உங்களுடையவையா, யாரோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள், என்றார். மாமா அந்தச் செருப்பைப் பார்த்தபடி பாதையிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

எனக்கோ செருப்பைப் பார்த்ததும் உயிர் வந்தது. "மாமா, எந்திரிங்க. அம்மா எங்கயோ கோயில் மாதிரி எடத்துக்குள்ள போயிருக்கு. வாசல்ல கழட்டி வச்சிருக்கு."

"என்னது?" என்றார் மாமா.

"கோயில் மாமா. படி இருந்துச்சுல்ல, அப்பக் கழட்டுச்சுல்ல?"

எங்கே எடுத்தீர்கள் என்று நானே இங்கிலீஷில் கேட்டேன். குளத்துக்குப் பின்னால் மேட்டுக்கு ஏறும் கல் படிகளைக் காட்டினார். முதல் படியின் ஓரத்தில், இரண்டும் ஒட்டினாற்போல, ஒழுங்காக வைத்திருந்ததாம். உலகத்தில் வேறு யாரும் அப்படிக் கழற்றி வைக்க மாட்டார்கள்.

நான் ஓடினேன். மாமா எழுந்து மெதுவாகப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

படிகள் முடிந்த இடத்தில் சுவர் சூழ்ந்த ஒரு சின்னத் தோட்டம். பழங்காலச் சிவப்புச் செங்கல், அதன்மேல் படர்ந்த வெள்ளைப் பூக்கொடி. கீழே கேட்ட சத்தம் எதுவும் அங்கே இல்லை. சாய்ந்த வெயில் சுவர் முழுக்கத் தேன் நிறத்தில் விழுந்திருந்தது. இவ்வளவு அமைதியை நான் கருவறைக்கு முன்னால்கூடக் கண்டதில்லை. அங்கே பின்னால் இருப்பவர்கள் தள்ளுவார்கள். மூலையில், மற்றவற்றைவிடச் சின்னதாக ஒரு பெஞ்சு. அதன் ஓரத்தில், தகட்டுக்கு இடம் விட்டு, அம்மா உட்கார்ந்திருந்தாள். சேலை முந்தானையால் தகட்டைத் துடைத்திருக்கிறாள் போல. முந்தானை நுனி கறுத்திருந்தது.

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவளுக்கு நான் எதற்கு அழுகிறேன் என்றே தெரியவில்லை. "ஒவ்வொரு பெஞ்சாப் பாத்துக்கிட்டே வந்தேன்டி" என்றாள். "எழுவது, எம்பத்தி ரெண்டு, அறுவத்தி நாலு. எல்லாம் பெரியவங்க. பாத்துக்கிட்டே இங்கிட்டு ஏறிட்டேன்." பிறகு தகட்டைக் காட்டினாள். "இதப் படி."

மூக்கைத் துடைத்துக்கொண்டு படித்தேன். ஒரு பையனின் பெயர். கீழே, எங்கள் குட்டிப் பையன், என்று இருந்தது. அந்தப் பெயரை இப்போது எவ்வளவு முயன்றும் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அம்மாவைக் கேட்கலாம், அவளுக்கு நிச்சயம் நினைவிருக்கும். கேட்பது சரியா என்று தெரியாமல் கேட்காமலே இருக்கிறேன்.

"பேரு இருக்கா?"

"இருக்கும்மா. மேல இருக்குறதுதான் பேரு."

"அதுக்குக் கீழ?"

"தேதி."

"ரெண்டும் ஒண்ணா? எனக்கு ஒண்ணாத்தான் தெரியுது. சரியாப் பாரு."

பார்த்தேன். நாளும் அதே, மாதமும் அதே, வருஷமும் அதே. வெள்ளைக்காரர்களின் வேலையில் ஒரு தவறைக் கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு. அணில், அழுகை, எல்லாம் மறந்துபோனது.

"தப்பாப் போட்டுட்டாங்கம்மா. மொதல்ல பொறந்த தேதி போட்டு, அடுத்ததா செத்த தேதி போடணும்ல. இவங்க ஒரே தேதிய ரெண்டு தடவ போட்டுட்டாங்க. எத்தன வயசுல போனான்னே தெரியாமப் போச்சு பாருங்க."

அம்மா என் முகத்தையே பார்த்தாள். என் சடையை எடுத்து முன்னால் போட்டு, அவிழ்ந்திருந்த ரிப்பனைக் கட்டினாள். மெதுவாகத்தான் கட்டினாள்.

"ஆமாடி" என்றாள். "தப்புத்தான்."

காவலாளி அம்மாள் செருப்போடு வந்து சேர்ந்தார். அவரிடம் கேட்கச் சொல்லி அம்மா என்னிடம் ஒரு கேள்வி கொடுத்தாள்: இங்கேதான் புதைத்திருக்கிறார்களா? கேட்டேன். இல்லை, இங்கே யாரையும் புதைப்பதில்லை, இது உட்காருவதற்கு மட்டும்தான் என்றார் அவர். சொன்னேன்.

"யாரு வேணா உக்காரலாமான்னு கேளு."

அதையும் கேட்டேன். யார் வேண்டுமானாலும், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும், எட்டு மணி வரை, என்றார்.

அப்போது மாமா படியேறி வந்தார். மூச்சு வாங்கியது. அம்மாவைப் பார்த்ததும் ஏதோ கோபமாகச் சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் அவர் கண் தகட்டின் மேல் விழுந்தது. அவருக்கு எழுத்தும் தெரியும், எண்ணும் தெரியும்.

"வந்து உக்காருடா" என்றாள் அம்மா. "அன்னிக்கே பேரு வச்சிருக்காங்க, பாரு."

மாமா உட்கார்ந்தார். என்னைக் காவலாளி அம்மாளோடு போகச் சொன்னார்கள். வாசலைப் பூட்டுவதற்கு முன் அவர் ஒரு கைமணியை ஆட்டிக்கொண்டு பூங்காவைச் சுற்றி வருவார். பாதித் தூரம் அதை என்னிடம் கொடுத்தார். இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினேன். புல்லில் படுத்திருந்தவர்கள் எழுந்தார்கள். தாத்தாக்கள் உருண்டைகளைப் பெட்டியில் அடுக்கினார்கள். என் ஒரு சத்தத்துக்கு அவ்வளவு பெரிய பூங்கா மெல்ல மெல்லக் கலைவதை வாய் பிளந்து பார்த்தேன். திரும்பி அண்ணாந்தபோது, மேட்டுத் தோட்டத்தின் வாசல் வழியாக இருவரும் தெரிந்தார்கள். மாமா குனிந்து முகத்தை மூடியிருந்தார். அம்மா அவர் முதுகில் கை வைத்து ஏதோ பேசிக்கொண்டே இருந்தாள். அம்மா அவ்வளவு நேரம் பேசி அந்த வருஷம் நான் பார்க்கவில்லை. மாமாவை நன்றாகத் திட்டுகிறாள், வண்டியை மாற்றி நிறுத்த இவ்வளவு நேரமா என்று, அதனால்தான் அவர் அழுகிறார் என்று முடிவு செய்தேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, வேலை முடிந்து வந்த அத்தையிடம் நான் கண்டுபிடித்த பிழையைச் சொன்னேன். அத்தை கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. பாராட்டவும் இல்லை. அவர்களுக்குப் புரியவில்லை என்று நினைத்து இன்னும் விளக்கமாக மறுபடி ஒரு தடவை சொன்னேன். "சரி, சாப்பிடு மருமகளே" என்றார் மாமா. அம்மா மட்டும் ரசம் இன்னொரு கரண்டி கேட்டு ஊற்றிச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை, பூங்கா அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். பிழையைக் கண்டால் சொல்ல வேண்டியது கடமை என்றுதான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அம்மா ஜன்னலை விட்டு எழுந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் சீவிக் கொடுத்தாள். அந்தக் கடிதத்தை மாமா வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டார். தபாலில் சேர்த்தாரா என்று எனக்குத் தெரியாது. போன மாதம் போனில் கேட்டேன். "எந்த லெட்டரும்மா?" என்றார். மறந்துவிட்டாரா, மறந்தது போலப் பேசுகிறாரா என்று குரலை வைத்து என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருவேளை அது போய்ச் சேர்ந்து, யாராவது அதை அந்தப் பையனின் அம்மாவுக்கு அனுப்பியிருந்தால் என்று நினைத்துப் பல நாள் தூக்கம் கெட்டிருக்கிறது.

எழுதி முடித்ததும் அம்மா, "என்ன எழுதியிருக்க, தமிழ்ல சொல்லு" என்றாள். எழுந்து நின்று, வகுப்பில் படிப்பது போலச் சத்தமாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பூங்கா மிகவும் அழகாக இருக்கிறது. மேட்டுத் தோட்டத்துப் பெஞ்சில் ஒரு பிழை உள்ளது. இரண்டு தேதிகளும் ஒன்றாக உள்ளன. பிறந்த அன்றைக்கே யாரும் இறப்பதில்லை. ஆகவே சரியான தேதியை விசாரித்துத் திருத்துமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா கடைசிவரை கேட்டாள். தாளை வாங்கி, எழுத்துகளின் மேல் விரலை ஓட்டினாள்.

"கையெழுத்து நல்லா இருக்கு" என்றாள்.

இவ்வளவு பெரிய தவறைக் கண்டுபிடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கையெழுத்தை மட்டும் பாராட்டினாளே என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.